ஹான்லியின் பெதஸ்தா: பீங்கான் ஊரின் பேராலயம்

தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து அடியில் இருக்கும் முத்திரையைப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் புதிய பெயராக இருக்காது. வெட்ஜ்வுட், ஸ்போட், மின்டன், டோல்டன் எல்லாம் அந்த ஒரு வட்டாரத்திலிருந்து உலகம் முழுக்கப் போன பெயர்கள். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஸ்டாஃபோர்ட்ஷயரில் இருக்கிறது. ஒரே நகரம் என்று இன்று சொன்னாலும், ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் ஆறு ஊர்கள் அவை: டன்ஸ்டல், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன். 1910இல்தான் ஆறும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. மண்ணும் நிலக்கரியும் அருகருகே கிடைத்ததால் வளர்ந்த வட்டாரம். அந்தப் பகுதிக்கே ‘பாட்டரீஸ்’ என்றுதான் பெயர்.

அந்த ஆறில் நடுநாயகமான ஊர் ஹான்லி. அங்கே ஆல்பியன் தெருவில் ஒரு பெரிய மெதடிஸ்ட் சேப்பல் நிற்கிறது. பெயர் பெதஸ்தா. யோவான் சுவிசேஷத்தில் நோயாளிகள் காத்துக்கிடந்த குளத்தின் பெயர். ‘பாட்டரீஸின் கதீட்ரல்’ என்று ஊர்க்காரர்கள் செல்லமாகச் சொல்வார்கள். கடைசி ஆராதனை 1985 டிசம்பரில் நடந்தது. அதன்பிறகு அது முன்னாள் சேப்பல்.

பெரிய, அழகான கட்டடம் என்பது உண்மைதான். ஆனால் என்னை அதன் கதைக்குள் இழுத்தது வேறு. சபையை யார் ஆள்வது, போதகர்களா, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மக்களா என்ற சண்டையில் பிறந்த கட்டடம் அது. அந்தச் சண்டையில் மக்கள் பக்கம் நின்று அதைக் கட்டியவர்கள் பீங்கான் ஆலை முதலாளிகள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பெதஸ்தா புரியும்.

கொஞ்சம் பின்னால் போகலாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1760 மார்ச்சில் முதல்முறையாக பர்ஸ்லெமுக்கு வந்தார். குன்றின்மேல் சிதறிக்கிடக்கும் ஊர், குடியிருப்பவர் அநேகமாக எல்லாரும் குயவர்கள் என்று தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பிரசங்கத்தின்போது யாரோ ஒருவன் மண்கட்டியை எடுத்து அவர் தலையில் எறிந்தான். அவர் நிறுத்தவில்லை. திரும்பத் திரும்ப அந்த ஊர்களுக்கு வந்தார். 1781இல் பர்ஸ்லெமின் ஈனக் உட் என்ற கலைஞர் வெஸ்லியை நேரில் உட்காரவைத்துக் களிமண்ணில் மார்பளவுச் சிலை செய்தார். மண்கட்டி வீசிய ஊர், இருபதே ஆண்டுகளில் அதே மண்ணில் அவருக்குச் சிலை வடித்துவிட்டது. அந்தச் சிலையின் பீங்கான் நகல்கள் மெதடிஸ்ட் குடும்பங்களின் வரவேற்பறைகளில் பல தலைமுறை இருந்தன.

இடைப்பட்ட காலத்தில் ஊரும் மாறியிருந்தது. 1777இல் ட்ரென்ட்-மெர்சி கால்வாய் முழுவதும் திறக்கப்பட்டது. கார்ன்வாலின் வெள்ளைக் களிமண் படகில் வந்தது, சுட்ட பீங்கான் உடையாமல் படகில் துறைமுகத்துக்குப் போனது. கழுத்து நீண்ட பாட்டில் வடிவத்தில் செங்கல் சூளைகள் எங்கும் முளைத்தன. ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தவை, இன்று ஐம்பதுகூட இல்லை. வேலை தேடி ஆட்கள் குவிந்தார்கள். இங்கிலாந்தின் அரசு சபையான ஆங்கிலிக்கன் திருச்சபையோ பழைய விவசாயக் கிராமங்களுக்கு ஏற்றபடி பங்குகளைப் பிரித்துவைத்திருந்தது. திடீரென்று ஊதிப்பெருத்த தொழில் ஊர்களில் அதற்குப் போதுமான கோவிலும் இல்லை, குருவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் மெதடிஸ்டுகள் நுழைந்தார்கள்.

வெஸ்லி 1791இல் இறந்தார். அவர் இருந்தவரை அவர் சொன்னதே சட்டம். 1784இல் எழுதிவைத்த பத்திரத்தின்படி, அவருக்குப்பின் அதிகாரம் நூறு பிரசங்கிகள் கொண்ட மாநாட்டுக்குப் போனது. சேப்பலைக் கட்டப் பணம் கொடுத்தவர்கள், வாராவாரம் ஒரு பென்னி காணிக்கை போட்டவர்கள், வகுப்புகளை நடத்தியவர்கள், இவர்கள் யாருக்கும் அங்கே இடமில்லை. அலெக்சாண்டர் கில்ஹம் என்ற இளம் பிரசங்கி இதை எதிர்த்து எழுதத் தொடங்கினார். வெஸ்லி பிறந்த எப்வொர்த் ஊரில்தான் இவரும் பிறந்தார். சபை மக்களின் பிரதிநிதிகளும் மாநாட்டில் உட்கார வேண்டும் என்றார். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம், ‘மக்கள் உரிமை’ என்று யார் பேசினாலும் அரசு சந்தேகத்தோடு பார்த்த காலம். 1796இல் கில்ஹமை வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் லீட்ஸில் அவரும் தோழர்களும் கூடி ‘மெதடிஸ்ட் நியூ கனெக்‌ஷன்’ என்ற தனிச்சபையைத் தொடங்கினார்கள். அதன் மாநாட்டில் போதகர்களும் சபை மக்களும் சரிபாதி. எதிரிகள் அவர்களை ‘டாம் பெய்ன் மெதடிஸ்டுகள்’ என்று திட்டினார்கள். புரட்சிக்காரர் என்று பொருள். கில்ஹம் தன் சபை வளர்வதைப் பார்க்கவில்லை, 1798இலேயே இறந்துவிட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

ஹான்லியில் இந்தப் புதிய சபைக்குப் போனவர்கள் ஒரு சிறு கூட்டம். ஜாப் ரிட்ஜ்வே, அவர் சகோதரர் ஜார்ஜ், ஜாப் மெய், வில்லியம் ஸ்மித் ஆகியோர் முன்னின்றார்கள். ரிட்ஜ்வே, மெய் இரண்டும் பீங்கான் தொழிலில் பெரிய பெயர்கள். முதலில் ரிட்ஜ்வே வீட்டில் கூடினார்கள். பிறகு ஒரு குதிரைவண்டிக் கொட்டகையைச் சீர்செய்து அதில் ஆராதனை நடத்தினார்கள். 1798இல் 600 பேர் உட்காரும் சேப்பலைக் கட்டினார்கள். இடம் போதாமல் 1811இல் அதை விரிவாக்கினார்கள். அதுவும் போதவில்லை. 1819இல் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கி 1820இல் திறந்தார்கள். இன்று நாம் பார்ப்பது அந்தக் கட்டடம்தான். ஏறக்குறைய 2,500 பேருக்கு இருக்கை. லண்டனுக்கு வெளியே அரசு சபையைச் சேராதவர்கள் கட்டிய ஆகப்பெரிய ஆலயங்களில் ஒன்று.

வரைபடம் போட்டவர் ஜே. எச். பெர்கின்ஸ் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. பெரிய கட்டடக் கலைஞர் யாரையும் லண்டனிலிருந்து அழைத்து வரவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தான் வாழும் ஊருக்கு எது வேண்டும் என்று தெரிந்து வரைந்திருக்கிறார். உள்ளே போனால் நீளவாக்கில் பலிபீடத்தை நோக்கிப் போகும் நடை இல்லை. வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கும் மேல்மாடம் சுற்றிலும் வளைந்து ஓடுகிறது. நடுவில் உயரமான பிரசங்க பீடம், அதன்பின் பைப் ஆர்கன். எங்கே உட்கார்ந்தாலும் பேசுகிறவர் முகம் தெரியும், குரல் கேட்கும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இரண்டாயிரம் பேருக்குமேல் ஒருவர் பேசுவதற்காகவே கட்டிய இடம்.

பெதஸ்தா போன்ற சேப்பலை ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையோடு மட்டும் சேர்த்து நினைத்தால் பாதிதான் தெரியும். அதன் வாழ்க்கை வாரம் முழுக்க நடந்தது. ஒவ்வொரு விசுவாசியும் ஒரு ‘வகுப்பில்’ உறுப்பினர். பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு தலைவர். வாரம் ஒருமுறை கூடி ஒவ்வொருவரும் வாய்விட்டுப் பேச வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். ஊதியம் பெறும் போதகர்கள் சிலரே. ஞாயிறு பிரசங்கங்களில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் உள்ளூர்ப் பிரசங்கியார்கள். வாரநாட்களில் சக்கரம் சுற்றுகிறவர், சூளைக்கு நெருப்பு வைக்கிறவர், கொல்லர், கடைக்காரர். இவர்கள் எந்த ஞாயிறு எந்தச் சேப்பலில் பேச வேண்டும் என்று அச்சடித்த அட்டவணையே உண்டு. ‘அன்பின் விருந்து’ என்று ஒரு கூட்டம். இருபுறமும் கைப்பிடி வைத்த பீங்கான் குவளையில் தண்ணீர் ஊற்றி, கையிலிருந்து கைக்கு மாற்றிக் குடித்து, ரொட்டித் துண்டைப் பகிர்ந்துகொண்டு, அவரவர் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்வார்கள். குவளையைச் செய்தவரும் அந்த ஊர்க்காரர்தான்.

கணக்கு எழுதுவது, தீர்மானம் கொண்டுவருவது, கூட்டத்தில் எதிர்த்துப் பேசுவது, தேர்தல் நடத்துவது எல்லாவற்றையும் உழைக்கும் மக்கள் இங்கேதான் பழகினார்கள். நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப்போட அவர்களில் மிகப்பெரும்பாலோருக்கு உரிமை இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பீங்கான் ஆலைகளில் ‘சூளையிலிருந்து நல்லதாக வந்தால்’ என்று ஒரு கூலிமுறை இருந்தது. தொழிலாளி நூறு தட்டு செய்து கொடுத்தாலும், சூளையில் வெந்து பழுதில்லாமல் வெளிவருகிற தட்டுக்கு மட்டும்தான் கூலி. சூளையில் அடுக்கியவன் தவறினாலும், நெருப்பு வைத்தவன் தவறினாலும் நஷ்டம் தட்டு செய்தவன் தலையில். இந்த முறையை எதிர்த்தும், ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தில் கட்டிப்போடும் வழக்கத்தை எதிர்த்தும் 1836இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளிகள் தோற்றார்கள்.

சார்ல்ஸ் ஷா என்பவரை இங்கே அறிமுகப்படுத்த வேண்டும். 1832இல் டன்ஸ்டலில் பிறந்தவர். ஏழு வயதில் பீங்கான் ஆலையில் அச்சுச் சுமக்கும் பையனாகச் சேர்ந்தார். தட்டு செய்கிறவர் களிமண்ணை அச்சில் அழுத்தி முடித்ததும், பையன் அச்சோடு அதைத் தூக்கிக்கொண்டு கொதிக்கும் உலர்த்தும் அறைக்குள் ஓடி, ஏணிப்படியில் ஏறி அடுக்கி, காய்ந்ததை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவர வேண்டும். விடியலுக்கு முன் தொடங்கி இரவு வரைக்கும் ஓட்டம். வாரக்கூலி ஒரு ஷில்லிங். 1842இல் குடும்பமே வறுமையில் ஏழைகள் விடுதிக்குப் போனது. அந்தப் பையனுக்குப் படிப்பின் ருசியைக் காட்டியது ஞாயிறு பள்ளி. பின்னாளில் அவர் நியூ கனெக்‌ஷன் சபையிலேயே போதகரானார். முதுமையில் தன் பிள்ளைப்பருவத்தை எழுதினார். 1903இல் நூலாக வந்தது. ஹான்லியில் பிறந்த நாவலாசிரியர் ஆர்னால்ட் பென்னட் தன் ‘கிளேஹேங்கர்’ நாவலில் வரும் ஏழைகள் விடுதிக் காட்சிகளுக்கு ஷாவின் நூலிலிருந்துதான் செய்திகளை எடுத்துக்கொண்டார்.

குழந்தைகளை அப்படி ஓடவைத்த தொழிலின் முதலாளிகள்தான் ஞாயிறு பள்ளிகளுக்கும் பணம் கொடுத்தார்கள். அவர்கள் வேஷம் போட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஜாப் ரிட்ஜ்வேயின் மகன் ஜான், அப்பாவின் கால்டன் பிளேஸ் ஆலையை விக்டோரியா ராணிக்குப் பாண்டம் செய்து கொடுக்கும் அளவுக்கு உயர்த்தியவர். நியூ கனெக்‌ஷனுக்கு வாழ்நாள் முழுக்க உழைத்தார். உண்மையான பக்திமான். ஆனால் பக்தி இருந்ததால் கூலிமுறை மாறிவிடவில்லை. சபை மாநாட்டில் சரிபாதி உரிமை கேட்டவர்களுக்கு, ஆலை வாசலில் அதே கேள்வி எழும் என்று தோன்றவில்லை. சேப்பலுக்குள்ளேயும் நல்ல பெஞ்சுகளுக்கு வாடகை உண்டு. காசு கட்டியவர் பெயரில் இடம் இருந்தது.

1842 ஆகஸ்டில் அந்தக் கேள்வி தெருவுக்கு வந்தது. சுரங்கத் தொழிலாளிகளின் கூலியைக் குறைத்ததால் சுரங்கங்கள் நின்றன. நிலக்கரி இல்லாமல் சூளைகள் அணைந்தன. பீங்கான் தொழிலாளிகளும் வேலையிழந்தார்கள். எல்லா ஆண்களுக்கும் ஓட்டுரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் தாமஸ் கூப்பர், ஹான்லியின் கிரௌன் பேங்க் திடலில் ஆயிரக்கணக்கானோர் முன் பேசினார். கூப்பர் ஒரு காலத்தில் மெதடிஸ்ட் உள்ளூர்ப் பிரசங்கியார். அதன்பின் கூட்டம் கட்டுக்கடங்காமல் போய் மாஜிஸ்திரேட்டுகள், குருமார்கள் வீடுகளுக்குத் தீ வைத்தது. மறுநாள் பர்ஸ்லெமில் படைவீரர்கள் சுட்டதில் ஜோசையா ஹீப்பி என்ற இளைஞன் செத்தான். கூப்பர் சிறைக்குப் போனார். டன்ஸ்டலின் ஜோசப் கேப்பர் என்ற கொல்லரும் சிறைக்குப் போனார். அவர் பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் பிரசங்கியார். 1807இல் மௌ காப் குன்றின்மேல் ஹ்யூ போர்ன் என்ற தச்சரும் வில்லியம் க்ளோஸ் என்ற குயவரும் நடத்திய திறந்தவெளிக் கூட்டத்தில் பிறந்த, இன்னும் ஏழைகளின் சபை அது. சேப்பல் பேசக் கற்றுக்கொடுத்தது. கற்றவர்கள் சேப்பல் எதிர்பார்க்காததையும் பேசினார்கள்.

வெளியேற்றப்பட்டவர் தொடங்கிய நியூ கனெக்‌ஷனும் வெளியேற்றக் கற்றுக்கொண்டது. 1841இல் ஜோசப் பார்க்கர் என்ற போதகரை நீக்கியபோது, அவரோடு நாலாயிரம் பேருக்கு மேல் சபையை விட்டுப் போனார்கள். இருபது ஆண்டு கழித்து இன்னொருவர் தானாகவே விலகினார். ஊர் ஊராகப் போய் எழுப்புதல் கூட்டம் நடத்த அனுமதி கேட்டுக் கிடைக்காததால், 1861இல் நியூ கனெக்‌ஷனை விட்டு வெளியேறிய அந்தப் போதகர் வில்லியம் பூத். இரட்சணிய சேனையை நிறுவியவர். நாகர்கோவில் பக்கத்து வாசகர்களுக்கு அவர் மனைவி கேத்தரின் பூத்தின் பெயரை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அந்தப் பெயரில் அங்கே மருத்துவமனையே இருக்கிறது.

1857இல் ஹான்லி தனி நகராட்சியாயிற்று. முதல் மேயர் யார் என்று பார்த்தால், பெதஸ்தாவின் ஜான் ரிட்ஜ்வே. 1859இல் சேப்பலுக்குப் புது முகப்பு வைத்தார்கள். ராபர்ட் ஸ்க்ரிவனர் வடிவமைத்தது. வரிசையாகக் கொரிந்தியத் தூண்கள், மேலே மூன்று பாகமாகப் பிரிந்த பெரிய வெனிஸ் பாணிச் சாளரம், இத்தாலிய மாளிகைபோலச் சுண்ணப்பூச்சு. பின்னால் போய்ப் பார்த்தால் வெறும் செங்கல். ஒரு காலத்தில் கலகக்காரர்கள் என்று திட்டு வாங்கியவர்களின் பிள்ளைகள் ஊரை ஆளத் தொடங்கிவிட்டார்கள் என்பதன் அறிவிப்பாகவே இந்த முகப்பை நான் படிக்கிறேன்.

பிறகு இறங்குமுகம். அதற்கு ஒரே காரணம் சொல்வது சரியில்லை. மக்கள் நம்பிக்கை இழந்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதுவும் நடந்தது. ஆனால் இணைப்புகளும் ஒரு காரணம். 1907இல் நியூ கனெக்‌ஷன் வேறு இரண்டு மெதடிஸ்ட் கிளைகளோடு சேர்ந்து யுனைடெட் மெதடிஸ்ட் சபையாயிற்று. 1932இல் வெஸ்லியன், பிரிமிட்டிவ், யுனைடெட் மூன்றும் இணைந்து ஒரே மெதடிஸ்ட் சபையாயின. (தென்னிந்தியாவில் 1947இல் மெதடிஸ்டுகள், ஆங்கிலிக்கன்கள் உட்படப் பல சபைகள் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனது நமக்குத் தெரியும்.) இணைந்தது நல்லதுதான். ஆனால் மூன்று சபைகளும் ஒரே ஊரில் தனித்தனியாகப் போட்டிபோட்டுக் கட்டிய சேப்பல்கள் எல்லாம் இப்போது ஒரே சபையின் பொறுப்பில் வந்தன. நடந்துபோகும் தூரத்தில் மூன்று, நான்கு. எல்லாவற்றையும் பராமரிக்க யாரால் முடியும்? நகர நடுவிலிருந்த வரிசை வீடுகளை இடித்துக் குடும்பங்களைப் புறநகருக்கு அனுப்பினார்கள். சுரங்கங்களும் ஆலைகளும் மூடப்பட்டன. இரண்டாயிரத்துச் சொச்சம் இருக்கைகளுள்ள கூடத்தில் சில டஜன் பேர் உட்கார்ந்து குளிர்கால எரிபொருள் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படும் நிலை அங்கே பல ஊர்களில் வந்தது. சில சேப்பல்கள் கம்பளக் கிடங்குகளாயின, சில மசூதிகளும் குருத்வாராக்களுமாயின, பல இடிக்கப்பட்டன.

பெதஸ்தா இடிபடாமல் தப்பியதற்குப் பிடிவாதமான சிலரே காரணம். மூடிய கட்டடத்தில் மழைநீர் இறங்கியது, மரம் உளுத்தது, ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன. 2002இல் ஹிஸ்டாரிக் சேப்பல்ஸ் டிரஸ்ட் அதை வாங்கியது. 2003இல் பிபிசி ‘ரெஸ்டொரேஷன்’ என்றொரு தொடரை நடத்தியது. அழியும் நிலையிலுள்ள கட்டடங்களைக் காட்டி, எதைக் காப்பாற்றலாம் என்று மக்களை ஓட்டுப்போடச் சொன்ன நிகழ்ச்சி. பெதஸ்தா இறுதிச்சுற்று வரை போனது. வென்றது மான்செஸ்டரின் விக்டோரியா குளியல் இல்லம். ஆனால் தோற்றதும் வீண்போகவில்லை. நாடு முழுக்க அந்த வளைந்த மேல்மாடத்தைப் பார்த்துவிட்டது. அடுத்த ஆண்டுகளில் லாட்டரி நிதியும் நன்கொடைகளும் சேர்ந்து கூரையும் முகப்பும் கட்டம் கட்டமாகச் சீரமைக்கப்பட்டன.

பழைய கட்டடங்களை எல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று வாதாடுகிறவன் இல்லை நான். பெதஸ்தாவைக் காப்பாற்றியது சரி என்பதற்கு எனக்குள்ள காரணம் ஒன்றுதான். பீங்கான் ஆலை முதலாளியின் மாளிகையை அருங்காட்சியகம் காப்பாற்றும். ராணியின் தட்டைக் கண்ணாடிப் பெட்டி காப்பாற்றும். அச்சைச் சுமந்து ஓடிய பையனுக்கும், சூளைக்கு நெருப்பு வைத்துவிட்டு ஞாயிறன்று பிரசங்கித்தவருக்கும் சாட்சியாக நிற்கும் பெரிய கட்டடங்கள் மிகக் குறைவு. முதலாளியும் தொழிலாளியும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து, சமத்துவம் என்றால் என்ன என்பதில் இரண்டு விதமாக நினைத்துக்கொண்டிருந்த இடம் அது. அந்த முரணோடு சேர்த்து அது நிற்க வேண்டும்.

மின்சாரக் கட்டணமும் பராமரிப்பும் கட்டும் அளவுக்கு அங்கே தொடர்ந்து ஏதாவது நடந்தால்தான் சீரமைத்ததற்குப் பொருள் உண்டு. கச்சேரியோ, கண்காட்சியோ, பள்ளிப் பிள்ளைகள் கூடுமிடமோ, எதுவாக இருந்தாலும் சரி. பூட்டிவைத்தால் மறுபடி மழை உள்ளே வரும்.

‘ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையல்’ என்ற பழங்காலத் தங்கப் பொருட்களைப் பார்க்க ஹான்லி அருங்காட்சியகத்துக்குப் போகும் வாசகர்கள் யாராவது இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அருங்காட்சியகம் இருக்கும் தெருவின் பெயரே பெதஸ்தா தெரு. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் சேப்பல். முன்முகப்பைப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டுச் செங்கல் சுவரையும் பார்த்துவிட்டு வாருங்கள். போக முடியாதவர்கள் சார்ல்ஸ் ஷாவின் நூலைத் தேடிப் படியுங்கள். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது.